நன்கொடை தந்தீர்கள், நேரம் தருவீர்களா?



பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வை எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருக்கும் மாணவன் ஒருவனை உங்கள் தெருவிலேயே நீங்கள் காணலாம். "அடுத்து என்ன செய்யப் போகிறாய், தம்பி?" என்று அவனிடம் கேட்டுப் பாருங்கள். "பி.காம். கிடைத்தால் படிப்பேன்; இல்லாவிட்டால் மாமா விசா அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார்" என்பான். பி.காம். படித்தவர் அலுவலகத்தில் அமர்ந்து என்ன செய்கிறார் என்று கேளுங்கள், விழிப்பான். அந்த விசாவில் போய் என்ன வேலை பார்ப்பாய் என்று கேளுங்கள்; "போனால்தான் தெரியும்" என்பான். அவனுடைய தங்கையிடம் கேட்டாலோ, "வீட்டில் என்ன சொல்கிறார்களோ அதுதான்" என்ற விடையோடு பேச்சு முடிந்துவிடும்.

இப்பிள்ளைகளின் அறிவில் குறை ஏதுமில்லை. பன்னிரண்டு ஆண்டுகள் பள்ளிக்குச் சென்று வந்த இவர்கள், ஒரு தணிக்கையாளரின் அலுவலகத்தையோ, இரத்தப் பரிசோதனைக் கூடத்தையோ, லேத் பட்டறையையோ ஒரு நாளேனும் உள்ளே நின்று பார்த்ததில்லை. கண்ணால் காணாத தொழிலை ஒருவன் எப்படி விரும்புவான்? வேண்டாம் என்று விலக்குவதுதான் எப்படி? ஆகவே பக்கத்து வீட்டுப் பையன் சேர்ந்த கல்லூரியில், அவன் எடுத்த பாடத்தையே எடுக்கிறான். மூன்று ஆண்டுகள் கழித்து, அது தனக்கு ஒவ்வாத துறை என்பதைத் தந்தையின் பணம் செலவான பிறகு அறிந்துகொள்கிறான்.

கல்விக்காக நம் சமுதாயம் கைகட்டி நின்றுவிடவில்லை. வாணியம்பாடியில் இஸ்லாமியாக் கல்லூரி 1919 இல் எழுந்தது. திருச்சியில் ஜமால் முகம்மது கல்லூரியும் சென்னையில் புதுக்கல்லூரியும் 1951 இல் தோன்றின. இவற்றைச் சுற்றியும் இவற்றுக்கு வெகு தொலைவிலும் எத்தனையோ பள்ளிகளை ஊர்ப் பெரியவர்களும் வணிகர்களும் உருவாக்கினார்கள். வகுப்பறைச் சுவர்களில் பதித்த கல்வெட்டுகளில் அவர்களுடைய பெயர்கள் உள்ளன. தந்தவர்களுக்கு நன்றி செலுத்துவது நம் கடமை.

ஆயினும் ஒன்றைக் கவனியுங்கள். கட்டடத்துக்குப் பணம் தந்த அந்த வணிகரிடம் பணத்தைவிட அரிய பொருள் ஒன்று இருந்தது. அதுதான் அவருடைய தொழிற்கூடம். சரக்கு எங்கே வாங்குவது, கடனை எப்படித் திருப்புவது, ஏற்றுமதிப் பத்திரத்தை எப்படி எழுதுவது, கோபமாக வந்த வாடிக்கையாளரை எப்படிச் சமாதானப்படுத்துவது என்பதெல்லாம் அங்கே அன்றாடம் நடந்துகொண்டிருந்தன. அந்தக் கதவைத் திறந்து பத்து மாணவர்களை உள்ளே விடுங்கள் என்று அவரிடம் யாரும் கேட்கவில்லை. அவர்களிடம் நன்கொடை கேட்டு கேட்டு, வேறொன்றும் கேட்கத் தெரியாதவர்களாய்ப் பள்ளி நிர்வாகங்கள் ஆகிவிட்டன.

கேட்பதற்கென்றே ஓர் அமைப்பு உண்டு. பள்ளியும் ஊரின் தொழில்களும் ஒரே மேசையைச் சுற்றி அமரும் தொழில் ஆலோசனைக் குழு அது. மாணவர்களுக்குப் பணியிடப் பயிற்சி தேடித் தருவதும், தொழில்களை அறிமுகம் செய்வதும், பாடத்துக்கும் வேலைக்கும் உள்ள தூரத்தைச் சுட்டிக் காட்டுவதும் அதன் பணி. அமெரிக்காவில் இது அரை நூற்றாண்டுக்கும் மேலாக நடைமுறையில் உள்ளது. அங்கே இதன் பயன் என்ன, பயனின்மை என்ன என்பதை ஆய்வாளர்கள் அளந்தும் பார்த்திருக்கிறார்கள். எனவே சற்று அங்கே சென்று திரும்புவோம்.

பிலடெல்பியாவில் தொடங்கியது

1969 ஆம் ஆண்டு. பிலடெல்பியா நகரின் தாமஸ் எடிசன் உயர்நிலைப் பள்ளி வறிய மக்களின் பிள்ளைகள் படிக்கும் பள்ளி. படிப்பைப் பாதியில் விட்டு வேலையின்றித் திரியும் இளைஞர்களால் நகரமே கவலையுற்றிருந்த காலம் அது. அப்பள்ளியில் மின்னியல் அகாடமி என்ற பெயரில், பள்ளிக்குள்ளேயே ஒரு சிறு பள்ளியைத் தொடங்கினார்கள். அதற்குத் துணை நின்றது நகருக்கு மின்சாரம் வழங்கிவந்த பிலடெல்பியா மின் நிறுவனம்.

இந்த முறை மெல்லப் பரவியது. நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியிலுள்ள ஜான் டூயி உயர்நிலைப் பள்ளியில் நிதித்துறை அகாடமி 1982 இல் தொடங்கியது. அதற்கு முன்னின்றவர் நிதி நிறுவனத் தலைவரான சான்ஃபோர்டு வைல். கலிஃபோர்னியாவில் 1981 இல் இரு பள்ளிகள் இம்முறையைத் தொடங்கின. 1984 இல் அம்மாநிலம் இதற்கெனச் சட்டமே இயற்றியது.

அந்தச் சட்டத்தின் சில விதிகள் நம் சிந்தனைக்கு உரியவை. அரசு தரும் மானியத்துக்கு ஈடாகப் பள்ளி மாவட்டமும் பங்கு தர வேண்டும். பங்கேற்கும் தொழில் நிறுவனங்களும் தர வேண்டும். ஆனால் நிறுவனங்கள் தருவது ரொக்கமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. தம் ஊழியர்களின் நேரத்தையும் கருவிகளையும் தரலாம். அதாவது ஒரு பொறியாளர் மாணவனோடு செலவிடும் மணிகளும் பங்காகக் கணக்கில் ஏறும்! பதினோராம் வகுப்பு மாணவர் ஒவ்வொருவருக்கும் தொழில் உலகிலிருந்து ஒரு வழிகாட்டியை அமர்த்த வேண்டும். அவ்வகுப்பு முடிந்த கோடையில் பணியிடப் பயிற்சியோ ஊதியமுள்ள வேலையோ கிடைக்கச் செய்ய வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, சேர்க்கப்படும் மாணவர்களில் பாதிப்பேராவது படிப்பைக் கைவிட்டுவிடக்கூடிய நிலையில் உள்ளவர்களாக இருக்க வேண்டும். முதல் மதிப்பெண் எடுப்பவனை மட்டும் பொறுக்கியெடுத்துப் புகைப்படம் எடுத்துக்கொள்ளும் வழக்கம் நம் பள்ளிகளில் உண்டல்லவா? அங்கே அதற்கு இடமில்லாதபடி சட்டமே எழுதி வைத்துவிட்டார்கள்.

இனி அளவீட்டுக்கு வருவோம். 1993 இல் ஓர் ஆய்வு நிறுவனம் ஒன்பது பள்ளிகளின் அகாடமிகளை எடுத்துக்கொண்டது. இடத்துக்கு மேல் விண்ணப்பம் வந்த பள்ளிகள் அவை. எனவே குலுக்கல் முறையில் சிலருக்கு இடம் தந்தார்கள், சிலருக்கு இல்லை. இரு சாராரையும் பள்ளி முடித்து எட்டு ஆண்டுகள்வரை தொடர்ந்து கவனித்து 2008 இல் முடிவை வெளியிட்டார்கள். அகாடமியில் இடம் பெற்றவர்களின் வருவாய், பெறாதவர்களின் வருவாயைவிட ஆண்டுக்குச் சராசரியாக 11 விழுக்காடு கூடுதலாக இருந்தது. ஆண்களை மட்டும் எடுத்துக்கொண்டால் 17 விழுக்காடு. துணையோடும் பிள்ளைகளோடும் தனிக் குடும்பமாக வாழ்ந்தோரின் விகிதமும் அவர்களிடையே மிகுந்திருந்தது.

அதே ஆய்வு வேறு இரண்டையும் மறைக்காமல் சொன்னது. பொதுத் தேர்வு மதிப்பெண்களை இம்முறை உயர்த்தவில்லை. பட்டம் பெற்றோர் எண்ணிக்கையையும் கூட்டவில்லை. மேலும் பெண்களின் வருவாயில் உறுதியான ஏற்றம் எதுவும் தென்படவில்லை. இவ்விரண்டில் முதலாவதைக் கண்டு சோர்வடைய வேண்டியதில்லை என்பது என் கருத்து. மதிப்பெண் கூடாமலே வருவாய் கூடியிருக்கிறது என்றால், வகுப்பறைக்கு வெளியே அவர்கள் கண்டதும் பழகியதும்தானே அதற்குக் காரணமாக இருக்க முடியும்? இரண்டாவது செய்திக்குப் பின்னர் வருவோம். அது நம் பெண்மக்களைப் பற்றியது.

நம் மண்ணில் ஏன் வேரூன்றவில்லை?

பள்ளியில் தொழில் கற்பது நமக்குப் புதிய செய்தியன்று. 1952-53 இல் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் டாக்டர் ஏ. லட்சுமணசாமி முதலியார் தலைமையில் அமைந்த இடைநிலைக் கல்விக் குழு, பல்நோக்குப் பள்ளிகளைப் பரிந்துரைத்தது. 1964-66 இல் கோத்தாரி குழு, பணி அனுபவம் ஒவ்வொரு மாணவனுக்கும் வேண்டுமென்றது. தமிழகத்தில் 1978 இல் மேல்நிலைக் கல்வி வந்தபோதே அதில் தொழிற்பிரிவும் சேர்ந்து வந்தது. 2022 இல் தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டம் வழிகாட்டலைப் பள்ளி வாயிலுக்கே கொண்டுவந்திருக்கிறது.

இருந்தும் தொழிற்பிரிவு என்றாலே மதிப்பெண் குறைந்தவர்களை ஒதுக்கும் இடம் என்ற எண்ணம் பெற்றோர் மனத்திலிருந்து அகலவில்லை. தட்டச்சும் மின் இணைப்பும் சொல்லித் தரும் ஆசிரியர் ஒருவர் பள்ளியில் இருந்தார். ஆனால் ஊரிலுள்ள தட்டச்சு நிலையத்துக்கும் மின் ஒப்பந்தக்காரருக்கும் அப்பள்ளியோடு பெரும்பாலும் தொடர்பில்லை. அந்த ஆசிரியர் ஓய்வு பெற்றதும் பிரிவும் ஓய்வு பெற்றுவிட்டது! பாடம் இருந்தது, பட்டறையோடு பேச ஆளில்லை. ஆலோசனைக் குழு நிரப்ப வேண்டிய வெற்றிடம் இதுதான்.

வேறொரு தயக்கமும் தமிழ் மண்ணில் உண்டு. அதை மூடி மறைக்காமல் பேசிவிடுவது நல்லது. 1953 இல் முதலமைச்சர் இராஜாஜி கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டம், பாதி நாள் பள்ளி, மீதி நேரம் பெற்றோரின் தொழில் என்றது. குலக்கல்வித் திட்டம் என்று மக்கள் அதைக் கண்டித்தார்கள். பெரும் போராட்டத்தின் பின் 1954 இல் அது கைவிடப்பட்டது. பிள்ளையைத் தொழிற்கூடத்துக்கு அனுப்புகிறோம் என்றால், அதே வலையில் மீண்டும் விழுகிறோமோ என்று எவரேனும் ஐயுற்றால் அது நியாயமான ஐயமே.

இதற்கு விடை, குழு மாணவனை எங்கே அனுப்புகிறது என்பதில் இருக்கிறது. பிரியாணிக் கடைக்காரரின் மகனை பிரியாணிக் கடைக்கே அனுப்பினால் அது குலக்கல்விதான். அவனை மருந்தகத்துக்கும், மருத்துவரின் மகனை அச்சகத்துக்கும், கறிக்கடைக்காரரின் மகளைத் தணிக்கையாளர் அலுவலகத்துக்கும் அனுப்பும் குழுதான் நமக்கு வேண்டும். தன் வீட்டில் எவரும் நுழையாத ஓர் அறைக்குள் பிள்ளை நுழைய வேண்டும். முதல் கூட்டத்திலேயே இதை விதியாக எழுதி வைத்துவிட வேண்டும். பெற்றோரின் தொழிலுக்கே அனுப்புவது எளிது. இடம் உடனே கிடைக்கும். ஆகவே எழுதி வைக்காவிட்டால் எல்லாரும் அந்த வழியில் போய்விடுவார்கள்.

சட்டம் நம்மை வற்புறுத்துமா என்றால், இல்லை. 2009 ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் பள்ளி மேலாண்மைக் குழுக்களை அமைக்கச் சொன்னது. அவற்றில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர். சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளில் அக்குழு ஆலோசனை கூறும் அளவில் மட்டுமே இயங்கும் என்று 2012 ஆம் ஆண்டுத் திருத்தம் கூறியது. 2014 இல் உச்ச நீதிமன்றம், அச்சட்டமே சிறுபான்மையினர் பள்ளிகளுக்குப் பொருந்தாது என்று தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பைப் பெரிய அமர்வு மீண்டும் ஆராய வேண்டும் என்று 2025 இல் இரு நீதிபதிகள் அமர்வு கருத்துரைத்திருக்கிறது. எது எப்படியாயினும், தொழில் ஆலோசனைக் குழு ஒன்றை அமைத்தே தீர வேண்டும் என்று நம் பள்ளிகளுக்கு உத்தரவு எதுவும் வரப்போவதில்லை. நாமாகச் செய்தால் உண்டு.

குழுவில் யார் அமர்வது?

இந்தக் கேள்விக்கு நம் ஊர்களில் பழகிப்போன விடை ஒன்று தயாராக இருக்கிறது. ஊரின் பெரிய தனவந்தர் தலைவர். அவருக்கு அடுத்தவர் துணைத் தலைவர். ஆண்டு விழா மேடையில் பொன்னாடை. பிறகு அடுத்த ஆண்டு விழாவில் மீண்டும் பொன்னாடை. இப்படிப்பட்ட குழு வேண்டவே வேண்டாம். அவர்களை மதிப்போம்; அவர்கள் நிர்வாகக் குழுவில் இருக்கட்டும். பள்ளிக் கணக்கும் ஆசிரியர் நியமனமும் அவர்கள் பொறுப்பு. தொழில் ஆலோசனைக் குழு அவற்றில் தலையிடாது என்று தாளாளருக்கு எழுத்திலேயே உறுதி தந்துவிடுங்கள். பல தாளாளர்கள் புதிய குழு எதையும் அஞ்சுவது இக்காரணம் பற்றித்தான்.

பிலடெல்பியாவைப் போல் ஒரு பெரிய நிறுவனம் நம் ஊரில் இல்லையே என்று மலைக்க வேண்டாம். 2006 இல் வெளியான சச்சார் குழுவின் அறிக்கை, சொந்தத் தொழிலில் ஈடுபட்டோரின் விகிதம் முஸ்லிம்களிடையே மற்றவர்களைவிடக் கூடுதல் என்று காட்டியது. சிறு கடைகளும் சிறு பட்டறைகளும்தான் நம் நிறுவனங்கள். ஒரு நடுத்தர ஊரை எண்ணிக்கொள்ளுங்கள். மருந்தாளுநர் ஒருவர், பரிசோதனைக் கூடம் நடத்துபவர், தணிக்கையாளர் அலுவலகத்துக் கணக்கர், அச்சக உரிமையாளர், பேக்கரி நடத்துபவர், செல்போன் பழுது பார்ப்பவர், வங்கி ஊழியர், மருத்துவமனைச் செவிலியர், தையற்கூடம் நடத்தும் பெண்மணி, கட்டட மேஸ்திரி, பக்கத்து ஐ.டி.ஐ.யின் ஆசிரியர்: இவர்கள் இல்லாத ஊர் உண்டா? இவர்களில் பத்துப் பன்னிரண்டு பேர் போதும். நம்மவர் மட்டும் என்று வரம்பு கட்டிக்கொள்ளாதீர்கள். கடைத்தெருவில் நம்மோடு அன்றாடம் கொடுக்கல் வாங்கல் செய்யும் பிற சமயத்தாரும் மகிழ்ச்சியோடு வருவார்கள். நம் பிள்ளை நாளை வேலை செய்யப் போவதும் அவர்களோடுதானே?

ஒருவரை மட்டும் தவறாமல் சேருங்கள். இருபது ஆண்டுகள் வளைகுடாவில் குளிர்சாதன மெக்கானிக்காகவோ, மின் பணியாளராகவோ உழைத்துவிட்டு ஊர் திரும்பியவர் ஒருவர் எல்லா ஊரிலும் இருப்பார். எந்தச் சான்றிதழுக்கு அங்கே என்ன மதிப்பு, கைத்தொழில் அறிந்து போனவனுக்கும் ஏதுமறியாது உதவியாளாகப் போனவனுக்கும் சம்பளத்தில் என்ன வேற்றுமை என்பதை அவரைப்போல் எடுத்துரைக்க எந்தப் பேராசிரியராலும் இயலாது. "போனால்தான் தெரியும்" என்ற மாணவனுக்குப் போகுமுன்பே தெரிவிக்கக்கூடியவர் அவர்.

முதலாளிகளோடு தொழிலாளிகளும் குழுவில் இருப்பது அவசியம். ஜெர்மனியில் தொழிற்பயிற்சிக்கான சட்டம் 1969 இல் வந்தது. பயிற்சி முடித்தோரைச் சோதிக்கும் தேர்வுக் குழுவில் முதலாளிகளின் பிரதிநிதிகளும் தொழிலாளர்களின் பிரதிநிதிகளும் சம எண்ணிக்கையில் இருக்க வேண்டும். தொழிற்பள்ளி ஆசிரியரும் இருக்க வேண்டும் என்பது அந்நாட்டு முறை. பட்டறையின் உண்மையான நிலை, அங்கே நாள்தோறும் நின்று வேலை செய்பவருக்குத்தான் தெரியும் என்பதை அவர்கள் உணர்ந்திருக்கிறார்கள்.

இனி, குழுவை உயிரோடு வைத்திருப்பவர் பள்ளியின் பக்கமுள்ள ஓர் ஆசிரியர். அவருக்கு வாரத்தில் நான்கைந்து பாடவேளைகளையாவது குறைத்து, அந்த நேரத்தில் கடைகளுக்கும் அலுவலகங்களுக்கும் சென்று வர அனுமதிக்க வேண்டும். எல்லாப் பாடவேளைகளையும் அவர் தலையில் சுமத்திவிட்டு, "மாலையில் இதையும் கவனித்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லும் பள்ளியில் இம்முயற்சி ஓராண்டு தாங்காது. நிர்வாகம் உண்மையிலேயே செலவு செய்ய வேண்டிய இடம் இது ஒன்றுதான்.

எடுபிடி வேலைக்கல்ல

பணியிடப் பயிற்சி என்று அனுப்பப்பட்ட மாணவன், பத்து நாளும் தேநீர் வாங்கி வரவும் கடையைப் பெருக்கவும் பயன்படுத்தப்பட்டால், அவன் கற்றது என்ன? கடைக்காரர் கெட்டவர் என்பதல்ல. அவனை என்ன செய்யச் சொல்வது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. ஆகவே ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு தாளில் எழுதித் தர வேண்டும். மருந்தகம் என்றால், சரக்கு வரும்போது காலாவதித் தேதி பார்ப்பது எப்படி, குளிர்பெட்டியில் வைக்க வேண்டிய மருந்துகள் எவை, மருத்துவர் சீட்டின்றி எவற்றைத் தரக்கூடாது என்பவற்றை முதல் மூன்று நாளில் அவன் அருகிருந்து பார்க்க வேண்டும். அதன் பிறகு இருப்புப் பதிவேட்டை எழுதிப் பழக வேண்டும். மருந்து கொடுப்பதில் மட்டும் அவன் கை படக்கூடாது. இந்தத் தாளை ஆசிரியரால் எழுத முடியாது. குழுவில் அமர்ந்திருக்கும் மருந்தாளுநர்தான் எழுத வேண்டும். ஆலோசனைக் குழுவின் ஆலோசனை என்பது இதைத்தான் குறிக்கிறது.

சட்ட வரம்பையும் கவனத்தில் கொள்ளுங்கள். 1986 ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டம் 2016 இல் திருத்தப்பட்ட பிறகு, 14 வயது நிறையாத பிள்ளைகளை வேலைக்கு அமர்த்துவது தடை செய்யப்பட்டுள்ளது. 14 முதல் 18 வயது வரையுள்ளோரை ஆபத்தான தொழில்களில் அமர்த்தக்கூடாது. மற்ற வேலைகளிலும் இடைவேளை உட்பட நாளொன்றுக்கு ஆறு மணி நேரம், இரவு 7 மணி முதல் காலை 8 மணி வரை வேலை இல்லை என்று அச்சட்டம் வரம்பு வகுத்திருக்கிறது. நம் மாணவர்கள் கற்கப் போகிறவர்களே ஆயினும், அதே வரம்பை நாமும் மேற்கொள்வது நன்று.

ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டைப் பகுதி வாசகர்களுக்கு இதில் தனிக் கவனம் வேண்டும். தோல் பதனிடுதல் ஆபத்தான செயல்முறைகளுள் ஒன்றாகச் சட்டத்தில் பட்டியலிடப்பட்டது. எனவே இரசாயனம் சுழலும் உருளைகளின் அருகே மாணவர்களை நிறுத்தாதீர்கள். ஆனால் அதே தொழிலில் காலணி வடிவமைப்பு இருக்கிறது. தோலின் தரம் பார்க்கும் சோதனைக்கூடம் இருக்கிறது. வெளிநாட்டு வணிகரோடு கடிதப் போக்குவரத்தும் ஏற்றுமதிக் கணக்கும் இருக்கின்றன. சென்னையில் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் 1948 முதல் இயங்கி வருகிறது. தோல் என்றால் நாற்றமும் ஈரமும் மட்டுமே என்று எண்ணியிருக்கும் தோல் நகரத்துப் பிள்ளைகளுக்கே, அதில் வேதியியலும் ஓவியமும் கணக்கும் அடங்கியிருப்பதைக் காட்டலாமே!

இப்போது, விட்டுவைத்த செய்திக்கு வருகிறேன். அமெரிக்க ஆய்வில் பெண்களின் வருவாய் உயரவில்லை. அங்கே ஏன் அப்படி ஆயிற்று என்பது அவர்கள் ஆராய வேண்டியது. ஆனால் நம் ஊரில் முதல் தடை எதுவென்று நமக்குத் தெரியும். பெண்பிள்ளையை முன்பின் அறியாத இடத்துக்கு அனுப்பப் பெற்றோர் அஞ்சுகிறார்கள். அந்த அச்சத்தைக் கேலி செய்வதால் பயனில்லை. அதற்கு விடை தேட வேண்டும். தனியாக அனுப்பாமல் இருவர் மூவராக அனுப்பலாம். பொறுப்பேற்கும் பெண் ஊழியர் ஒருவர் உள்ள இடங்களை மட்டுமே தேர்ந்தெடுக்கலாம். பயிற்சி தொடங்குமுன் தாயும் தந்தையும் அவ்விடத்துக்குச் சென்று பார்த்து வர ஏற்பாடு செய்யலாம். குழுவில் மூவரேனும் பெண்களாக இருந்தால், இவற்றை அவர்களே கேட்டு வாங்குவார்கள். ஆண்கள் மட்டும் அமர்ந்து பெண்பிள்ளைகளுக்கு இடம் தேடும் குழு, தையலையும் மெஹந்தியையும் தாண்டாது. பரிசோதனைக் கூடம், வங்கி, கணக்கு அலுவலகம், பள்ளி நூலகம், மருத்துவமனைப் பதிவுப் பிரிவு என்று எத்தனையோ கதவுகள் இருக்கின்றன. "வீட்டில் என்ன சொல்கிறார்களோ" என்ற அந்த மாணவி, பத்து நாள் பரிசோதனைக் கூடத்தில் இருந்துவிட்டு வந்தால், வீட்டில் சொல்வதற்கு அவளிடமும் ஏதேனும் இருக்கும்.

எப்போது தொடங்குவது?

பதினோராம் வகுப்பே இதற்கு ஏற்ற காலம். 2017-18 இல் புகுத்தப்பட்ட பதினோராம் வகுப்புப் பொதுத்தேர்வு, 2025-26 கல்வியாண்டு முதல் கைவிடப்பட்டுள்ளது. மாணவனுக்குச் சற்று மூச்சு விட இடம் கிடைத்திருக்கிறது. அந்த இடத்தையும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தை முன்கூட்டியே புகட்டுவதற்குப் பள்ளிகள் எடுத்துக்கொள்ளுமோ என்பதுதான் என் கவலை. முன்பு அப்படித்தான் நடந்தது. அதனால்தான் அத்தேர்வே வந்தது! காலாண்டு விடுமுறையில் தொழிற்கூடங்களைச் சுற்றிப் பார்ப்பது, அரையாண்டுக்குப் பின் உறுப்பினர்கள் வகுப்புக்கு வந்து பேசுவது, ஆண்டுத் தேர்வு முடிந்த கோடையில் பத்து நாள் பயிற்சி என்று அமைத்துக்கொள்ளலாம். ஜெர்மானியப் பள்ளி மாணவர்கள் ஒன்பதாம் பத்தாம் வகுப்புகளில் இரண்டு மூன்று வாரங்கள் இவ்வாறு ஒரு பணியிடத்தில் இருந்து வருவது அங்கே வழக்கம். நமக்குத் தொடக்கத்தில் பத்து நாள் போதும். மாணவர்களும் பன்னிருவர் போதும். அவர்களில் பாதிப்பேர் கடைசி பெஞ்சில் அமர்பவர்களாக இருக்கட்டும்.

மதரஸாவில் பாடம் நடத்தும் எங்களுக்கும் இதில் ஒரு பங்குண்டு. எங்களிடம் ஓதும் பிள்ளைகளும் பட்டம் பெற்று வெளியேறும்போது உலகத்தொழில் எதுவும் அறியாதவர்களாகவே போகிறார்கள். பள்ளிக்கூடம் அமைக்கும் குழுவிலேயே அவர்களுக்கும் இரண்டு மூன்று இடங்களைக் கேட்டுப் பெறலாம். இன்னொன்றும் எங்களால் இயலும். ஜும்ஆ தொழுகைக்குப் பின் கட்டட நிதிக்கும் பிற நிதிகளுக்கும் அறிவிப்புச் செய்து பழகியிருக்கிறோம். ஜமாஅத் நிர்வாகிகள் இசைந்தால், ஒரு வெள்ளிக்கிழமை வேறு வகை அறிவிப்பைச் செய்யலாம்: "பள்ளி மாணவர் இருவரைப் பத்து நாள் தம் கடையில் வைத்துத் தொழில் காட்ட விரும்புவோர் பெயர் தரவும், பணம் தேவையில்லை."

பெயர் தந்தவர்களிடம் கொண்டுபோகும் கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். மாணவர் இருவரின் பெயரும் வகுப்பும், வரும் நாட்களும் நேரமும், தேவைப்பட்டால் உடனே அழைக்க வேண்டிய ஆசிரியரின் தொலைபேசி எண்ணும், பெற்றோரின் ஒப்புதல் கையெழுத்தும் அதில் இருக்கட்டும். தொழிலின் குறிப்புத் தாளைத் தனியாக இணையுங்கள். பயிற்சியின் மூன்றாம் நாள் ஆசிரியர் ஒருமுறை நேரில் சென்று பார்க்க வேண்டும்; பத்தாம் நாள் கடைக்காரர் அந்த மாணவனைப் பற்றி நான்கு வரி எழுதித் தர வேண்டும். மாணவனும் அந்தக் கடையைப் பற்றி நான்கு வரி எழுதட்டும். இரண்டையும் ஜூலை மாதக் குழுக் கூட்டத்தில் உரக்கப் படித்துவிட்டு, அடுத்த ஆண்டுக்கு எந்தக் கடையை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்பதை அன்றே முடிவு செய்துவிடலாம்.